மூன்று நட்சத்திர மீன்களும் ஒரு மாமியாரும்

அத்தை கடலை ஆற்றிக்கொண்டிருந்தார்.

இப்படி எழுதினால், வாரா வாரம் எழுதி எழுதி இந்தக் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் முன்னறை. சுவரோரம் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல் தண்ணீர், கொஞ்சம் மணல், நாலைந்து கற்கள், மூன்று நட்சத்திர மீன்கள். என் மாமியார் முக்காலி போட்டு உட்கார்ந்து, சிரட்டை அகப்பையால் அந்தத் தண்ணீரை மொண்டு, முகத்துக்கு நேரே தூக்கி, மறுபடியும் தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார். தேநீர் ஆற்றுகிற அதே கைவாகு.

"தண்ணிக்குள்ள காத்து போகணுமாம். இல்லேன்னா இதுக்கு மூச்சு முட்டிடுமாம்," என்றார், என் பக்கம் திரும்பாமல்.

"நமக்கே மூச்சு முட்டுது அத்தை. அடுப்புல மரவள்ளி கருகுது."

"கருகட்டும். நீ போய் எடு. நான் இத விட்டுட்டு வர முடியாது."

ஜப்பான்காரன் காலம் அது. கருகிய மரவள்ளியைக்கூடத் தூக்கிப் போட மாட்டோம். அப்படிப்பட்ட நாளில், அடுப்பை விட்டுவிட்டு அத்தை நட்சத்திர மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. அந்த மூன்று ஜீவன்களும் உயிரோடு இருந்தால்தான் அவருடைய ஒரே பிள்ளை வீட்டில் இருப்பான். அந்தப் பிள்ளைதான் என் வீட்டுக்காரர்.

பெயர் எழுதாத காரணம்

நடுவில் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். கிள்ளானிலிருந்து ஒரு வாசகி, இத்தனை வாரமாகத் தொடரைப் படிக்கிறேன், உங்கள் கணவர் பெயரை ஒரு இடத்திலும் காணோமே என்று கேட்டிருக்கிறார். உயிரோடு இருந்தபோது அவரை "ஏங்க" என்று கூப்பிட்டுப் பழகிய வாய் என்னுடையது. வாயால் சொல்லாத பெயரைக் கையால் எழுத வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அத்தை பேசுகிற இடத்தில் அந்தப் பெயர் தானாக வரும். அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்குச் சரக்கு வண்டியில் பிரேக்மேன் வேலை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகக் கடற்கரை வரை போய்த் திரும்புகிற வண்டி. இன்று கிள்ளான் துறைமுகம் என்கிறோம், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம். அதிகம் பேச மாட்டார். வீட்டுக்குள் வரும்போது கரியும் எண்ணெயும் கலந்து ஒரு வாசனை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார்.

தொட்டி வந்த கதை

அந்தக் கண்ணாடித் தொட்டி முதலில் ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது. ஓடும்போது அவர் அதைத் தூக்கிக்கொண்டா ஓட முடியும்? பங்களாவுக்குப் புதிதாகக் குடிவந்த ஜப்பானிய ரயில்வே அதிகாரி அதைத் துடைத்து வைத்துக்கொண்டார். அவரை நாங்கள் மூக்குக்கண்ணாடி என்போம். போர்ட் டிக்சன் கடற்கரையிலிருந்து நட்சத்திர மீன்களைப் பிடித்துவந்து அதில் விட்டார். அவற்றுக்குக் கடல் தண்ணீர் வேண்டுமே. கடற்கரை வண்டியில் போகிறவர் யார் என்று பார்த்திருக்கிறார். என் வீட்டுக்காரர் தலையில் அந்த வேலை விழுந்தது.

முதலில் அலுத்துக்கொண்டோம். பிறகு அலுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டோம். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் பிடித்தார்கள், தெருவில் போகிறவர்களைப் பிடித்தார்கள். ரயில்வே ஆட்களுக்குப் பெயர் போட்டு ஓலை வரும். பக்கத்து வீட்டு அண்ணன் அப்படித்தான் போனார். எதிர் வரிசையில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே போனார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஓலை வரவில்லை. தண்ணீர் கொண்டுவர ஆள் வேண்டும் என்பதால்தான் என்று எங்கள் வரிசை முழுவதும் பேசிக்கொண்டது. நாங்களும் அதைத்தான் நம்பினோம்.

ஒருநாள் மூக்குக்கண்ணாடிக்குச் சிங்கப்பூரில் வேலை வந்தது. சில வாரம் ஆகும் திரும்ப. தொட்டியை எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். தண்ணீரைக் கணுக்கால் அளவுக்குக் குறைத்து, நாலு பேர் தூக்கி வந்தார்கள். நட்சத்திர மீன்கள் தனியாக ஒரு வாளித் தண்ணீரில் வந்தன. பின்னாலேயே அவரும் நடந்து வந்தார். முன்னறையில் தொட்டியை வைத்த பிறகு, முதலில் தொட்டியைக் காட்டினார், பிறகு என் வீட்டுக்காரரைக் காட்டினார்.

"இனி ஹிடுப், அவாக் திங்கால் சினி," என்றார் அரைகுறை மலாயில்.

இது உயிரோடு இருந்தால் நீ இங்கே இருக்கலாம். அத்தைக்கு அவ்வளவாக மலாய் வராது. ஆனாலும் அதை யாரும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வளர்க்கிற முறை

இன்று வீட்டில் மீன் வளர்க்கிறவர்கள் மின்சார மோட்டார், விளக்கு, டப்பா உணவு என்று எல்லாம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வளர்த்த முறையையும் சொல்கிறேன்.

தண்ணீரைக் கடல் ஏறும் நேரத்தில் மொள்ள வேண்டும். வற்றும் நேரத்தில் மொண்டால் வெறும் சேறு. மண்ணெண்ணெய் டின்னில் கொண்டுவந்தால் துரு இறங்கும் என்று, என் வீட்டுக்காரர் ஒரு மரப் பீப்பாயைத் தேடிப் பிடித்தார். அதில் வந்த தண்ணீரை, வேட்டியில் வடிகட்டி, தெம்பாயான் என்கிற பெரிய மண் ஜாடியில் ஊற்றி வைப்போம். வண்டல் அடியில் படிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் எடுப்போம். அதையும் ஒரேயடியாக ஊற்றக்கூடாது. பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு, புதியதைக் குவளை குவளையாக, இடைவெளி விட்டு. திடீரென்று தண்ணீர் மாறினால் அதற்குத் தாங்காது.

தொட்டிக் கண்ணாடியில் என் வீட்டுக்காரர் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார். வெயிலில் தண்ணீர் வற்றிக் கோட்டுக்குக் கீழே போனால், காய்ச்சி ஆறவைத்த நல்ல தண்ணீரைத்தான் சேர்க்க வேண்டும். வற்றுவது தண்ணீர்தானே, உப்பு உள்ளேயே இருக்கிறதல்லவா. தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு, சூடு ஏறாமல் இருக்க. நட்சத்திர மீனைக் காற்றில் தூக்கவே கூடாது. எடுக்க வேண்டியிருந்தால் சட்டியைத் தண்ணீருக்குள் விட்டு, தண்ணீரோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு கெராங் சிப்பி. சிப்பியைப் பிளந்து அருகில் வைத்தால், அது மெல்ல ஊர்ந்து வந்து மேலே கவிந்துகொள்ளும். வயிற்றையே வெளியே தள்ளிச் சாப்பிடும். முதல் தடவை பார்த்தபோது அத்தை முகத்தைச் சுளித்தார். பிறகு பழகிவிட்டது. மிச்சத்தை உடனே எடுத்துவிட வேண்டும், அழுகினால் தண்ணீர் கெட்டுவிடும். நாங்கள் மூன்று வேளையும் மரவள்ளி தின்றுகொண்டு அதற்குச் சிப்பி ஊட்டினோம். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அவற்றில் ஒன்றுக்கு ஒரு கை பாதியோடு அறுந்திருந்தது. அந்த இடத்தில் விரல்நுனி அளவுக்குப் புதிதாக ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது. அத்தை தினமும் குனிந்து அதைப் பார்ப்பார்.

"மொளைக்குது பாரு தனம். வளருது. மாணிக்கத்துக்கு ஒண்ணும் ஆகாது."

வீட்டுக்குத் தூரம்

நடக்கப் பழகியிருந்த என் மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவேன். மாதத்தில் அந்த மூன்று நாள் நானே முன்னறைக்கு வர முடியாது. அத்தை வீட்டில் அந்த வழக்கம் கறார். தனிப் பாய், தனித் தட்டு, பின்கட்டில் படுக்கை. சண்டை வந்தாலும் சாவு வந்தாலும் அது மாறாது.

அப்படி ஒரு நாளில்தான், நல்ல வெயில். அவர் வண்டியில் போய்விட்டார். அத்தை அரிசிக்காக வரிசையில் நிற்கப் போனவர் திரும்பவில்லை. பின்கட்டிலிருந்து பார்க்கிறேன், சாக்கு காய்ந்து விறைத்திருக்கிறது, தண்ணீர் சுண்ணாம்புக் கோட்டுக்கு நன்றாகக் கீழே இறங்கியிருக்கிறது. என்ன செய்வது? போய் சாக்கை நனைத்தேன். ஆறவைத்த தண்ணீரை ஊற்றினேன். ஜாடியிலிருந்தும் இரண்டு குவளை மொண்டு விட்டேன்.

மறுநாள் காலையில் மூன்றில் சிறியது செத்துக் கிடந்தது.

அது ஏன் செத்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. வெயிலாக இருக்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அது சோர்ந்துதான் இருந்தது. ஆனால் அத்தை என்னைக் கேட்ட கேள்வி வேறு.

"தூரமா இருந்தப்ப தொட்டியா?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "தண்ணி வத்திப்போச்சு அத்தை. நீங்க வரல," என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அத்தோடு போயிருக்கும். நேரே ஜாடியிடம் போனார். அதைக் கொல்லைக்கு உருட்டிக்கொண்டு போய், உலக்கையால் ஒரே போடு. மண் பாத்திரத்தில் தீட்டு பட்டால் உள்ளே ஊறிவிடும், கழுவினாலும் போகாது, உடைத்துத்தான் போட வேண்டும் என்பது அவர் பிறந்த ஊர் வழக்கம். உலோகமானால் புளி போட்டுத் தேய்த்தால் சுத்தம். அதனால் பரணிலிருந்து தன் செப்பு அண்டாவை இறக்கினார்.

அண்டா

அந்த அண்டா அத்தையின் கல்யாணச் சீர். கப்பலில் அவரோடு வந்தது. நல்ல நாளில்கூட என்னைத் தொட விட்டதில்லை. உள்ளே பூசியிருந்த ஈயம் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. போர்க்காலத்தில் ஈயம் பூசுகிறவனை எங்கே தேடுவது?

அன்று முதல் கடல் தண்ணீர் அண்டாவில்தான் நின்றது. தினமும் காலையில் அத்தை அதைக் காலி செய்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கண்ணைக் கூசும்படி பளபளவென்று கவிழ்த்து வைப்பார். பிறகு பீப்பாயிலிருந்து புதுத் தண்ணீரை ஊற்றி வைப்பார். செம்பில் நின்ற தண்ணீருக்கு எந்த நோயும் அண்டாது என்று எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்மேல் இருந்த பழிக்கு இதுவே பரிகாரமாகட்டும் என்று அந்த அண்டாவைப் பார்த்து மனதுக்குள் கும்பிட்டேன்.

சில நாளில் மீதி இரண்டும் கண்ணாடியில் ஒட்டுவதை நிறுத்தின. பிடி விட்டு மணலில் விழுந்தன. நுனிகள் சுருண்டன. சிப்பி வைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை.

"தண்ணி கெட்டிருக்கும். அடிக்கடி மாத்துவோம்," என்றார் என் வீட்டுக்காரர்.

மாற்றினோம். வண்டி போகும்போதெல்லாம் தண்ணீர் கொண்டுவந்தார். அத்தை அதை அண்டாவில் நிறுத்தி, தெளியவைத்து, பயபக்தியோடு குவளை குவளையாக ஊற்றினார். எவ்வளவுக்கு எவ்வளவு மாற்றினோமோ அவ்வளவுக்கு அவ்வளவு அவை வாடின. அத்தை பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார். முளைத்துக்கொண்டிருந்த அந்தக் கை முதலில் உதிர்ந்தது. பிறகு உடம்பே வெளிறிக் கூழாகிவிட்டது. கடைசியாக இருந்ததும் அதே வாரத்தில் போயிற்று.

அத்தை அகப்பையைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் நிற்க, என்னைக் கைகாட்டினார்.

"இவ தொட்ட தீட்டுதான். எம் புள்ள உசுர இவதான் கரைச்சா."

என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "அம்மா, சும்மா இரு. அவ என்ன செய்வா?" என்றார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அழுதேன். அத்தை சொன்னதை நான் நம்பினேன் என்பதுதான் அதில் பெரிய அழுகை.

அவர் போனது

மூக்குக்கண்ணாடி திரும்பி வந்தார். காலித் தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். அறைவார் என்று பயந்தோம். அறையவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் ஓலை வந்தது. அவர் கோபத்தில் அனுப்பினாரா, இல்லை எப்படியும் வந்திருக்குமா, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அன்றைக்கு வழி இருக்கவில்லை.

ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் மகளை ஒரு கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "அம்மாகூட சண்டை போடாத. நான் வந்ததும் பேசிக்கலாம்."

அவர் வரவில்லை. போர் முடிந்த பிறகு, அவரோடு போன ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து சொன்னார், பேதி வந்து அங்கேயே போய்விட்டாரென்று. எந்த இடம் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சேதி கேட்டு ரவாங்கிலிருந்து என் அண்ணன் வந்தார். அப்போது எனக்கு முழுதாக இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அண்ணன் முற்போக்கான ஆள். மனைவியை இழந்த ஒரு தோட்டத்துக் கிராணியை, குமாஸ்தாவைத்தான் அப்படிச் சொல்வோம், பார்த்து, பேசியும் வைத்திருந்தார்.

"புள்ளயோட கெளம்பி வா தனம். இங்க உனக்கு என்ன இருக்கு? அந்தம்மா உன்ன ஒரு நாளாவது மனுஷியா பாத்தாங்களா?" என்றார்.

அத்தை உள்ளே படுத்திருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு தாயின் பிள்ளையை என் கையால் தொலைத்துவிட்டு, அவளையும் தனியே விட்டுவிட்டுப் போனால் எந்தச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கும்? அண்ணன் கோபித்துக்கொண்டு போனார். அந்தக் கிராணிக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நான் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போனேன். மகளை வளர்த்தேன், கட்டிக்கொடுத்தேன். அத்தைக்கும் எனக்கும் இடையே பேச்சு என்றால், சாப்பாடு ஆச்சா, விளக்கு வச்சாச்சா, அவ்வளவுதான். ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அவர் போன பிறகு அத்தை என்னைப் பின்கட்டில் படுக்கச் சொல்லவே இல்லை. மகள் பெரியவளானபோதும் தனிப் பாய், தனித் தட்டு எதையும் எடுக்கவில்லை. மகன் போன துக்கத்தில் எல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கிள்ளானில் ஒரு கடை

இதெல்லாம் முடிந்து ரொம்ப காலம் கழித்து, என் மருமகனுக்கு மீன் வளர்க்கிற பைத்தியம் பிடித்தது. கடல் மீன்தான் வேண்டுமாம். கிள்ளானில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் சீனர்; அங்கேயே பிறந்தவர், தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசினார். மீன்மேல் வெள்ளைப் புள்ளி விழுகிறது என்று மருமகன் ஒரு மருந்துப் புட்டியை எடுத்தார்.

"தொட்டியில நட்சத்திர மீனு இருக்கா அண்ணே?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு இருக்கு."

"அப்ப இது வேணாம் லா. இதுல செம்பு இருக்கு. மீனுக்குச் சரி, நட்சத்திர மீனுக்கு விஷம். கொஞ்சம் பட்டாலே போதும், சுருண்டு கரைஞ்சிடும்."

நான் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆன்டிக்குத் தண்ணி கொடு என்று அவர் உள்ளே பார்த்துச் சொன்னது எங்கோ கேட்டது.

வீட்டுக்கு வந்தேன். அத்தைக்கு அப்போது நன்றாக வயதாகிவிட்டது. கண் மங்கலானாலும் கை ஓயாது. கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பாதி ஆயுளாக நான் சுமந்ததை இறக்கி வைக்க எனக்கு ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தை, அந்த நட்சத்திர மீன் ரெண்டும் செத்தது என்னால இல்ல. உங்க அண்டாவால. செம்பு அதுக்கு விஷமாம்."

அத்தை கீரையை உருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "எப்ப தெரியும்?"

"மாணிக்கம் போன மறு மாசம். அண்டாவக் குடுத்து அரிசி வாங்கலாம்னு எடுத்தேன். அடியில மிச்சக் கடத்தண்ணி பச்சையா நின்னுச்சு. தேய்க்கத் தேய்க்க பச்சை. புளிக்கொழம்ப ஈயம் பூசாத செம்புல வச்சா களிம்பு ஏறும்னு எனக்குத் தெரியாதா? உப்புத் தண்ணிய வச்சிருக்கேனே. அத ஊத்தி ஊத்தித்தான கொன்னேன்."

"அப்ப ஏன் சொல்லல? இத்தன வருஷம் என்ன..."

அவர் கீரைத் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"அவன் வரட்டும், ரெண்டு பேரையும் நிக்க வச்சு சொல்லி, உன் கால்ல விழுந்துடலாம்னு இருந்தேன். அவன் வரல. உங்கண்ணன் வந்துட்டான். அன்னிக்கு சொல்லியிருந்தா நீ புள்ளயத் தூக்கிட்டுப் போயிருப்ப. எனக்கு இந்த ஊர்ல வேற யாரு இருந்தா தனம்?"

அவர் மங்கிய கண்ணால் என் முகத்தைத் தேடினார்.

"போயிருக்க மாட்டேன்னு சொல்லு பாப்போம்."

வயதானவர். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் வருத்தமாக இருக்கிறது.

"போயிருப்பேன், அத்தை," என்றேன்.